கோலாரில் ஒரு வாத்தியார்



எங்கள் வாழப்பாடி வட்டாரத்தில், பேளூர், சிங்கிபுரம் பக்கம் பாக்கு வெட்டு தொடங்கிவிட்டால் சில வகுப்புகளில் வருகை குறைந்துவிடும். உரிக்கப் போகும் அம்மாவோடு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தவளும் போயிருப்பாள். குச்சிக்கிழங்கு பிடுங்கும் நாட்களிலும் இதே கதைதான். மலையிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்கு இறங்குகிற குடும்பம் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போகும், இல்லாவிட்டால் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடும். சில வாரம் கழித்துத் திரும்பி வருகிற பிள்ளைக்குப் பாடம் எங்கோ போயிருக்கும். என் தலைமுறையில் அப்படி விடுபட்டவர்களில் பலர் பிறகு பள்ளிக்கூடப் பக்கமே வரவில்லை.

2007-க்குப் பிறகு இங்கே அரசு தொடக்கப் பள்ளியில் படித்தவர்களிடம் கேட்டால் வேறு ஒரு வகுப்பறையைச் சொல்வார்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், கை எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, தட்டுகளில் அட்டைகள், தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும் அவர்கள் வரைந்த படங்கள், சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, அதற்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தானே எடுத்துவரும். ஒரு குழுவுக்கு ஆசிரியரின் முழு உதவி, இன்னொன்றுக்குப் பாதி உதவி, மற்றொன்றில் பிள்ளைக்குப் பிள்ளையே வாத்தியார். செயல்வழிக் கற்றல் என்று அதற்குப் பெயர். பாக்கு உரிக்கிற இடத்திலிருந்து திரும்பி வந்த பெண்ணுக்கு அதில் அவமானம் இல்லை. விட்ட படியிலிருந்து ஏறிக்கொள்ளலாம்.

இந்த ஏணியின் அடிப்படி ஒரு பக்கத்து மாநிலக் கிராமத்தில் இருக்கிறது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டம், ஆந்திர எல்லையை ஒட்டிய ராயல்பாடு. அங்கே 1972-ல் நீல் பாக் என்ற சிறு பள்ளியைத் தொடங்கியவர் டேவிட் ஹார்ஸ்பரோ. 1923-ல் பிறந்த ஆங்கிலேயர். நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அவருடைய வழியில் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார்கள். அவர் பெயரை நம் ஊரில் சொன்னால் அடையாளம் தெரிகிறவர்கள் சிலர்கூட இருக்க மாட்டார்கள். அந்தக் குறையைப் போக்கத்தான் இந்த மாத ஆசிரியர் பக்கம்.

கடல் கடந்து வந்து நம் மண்ணில் பள்ளி நடத்தியவர்கள் என்றதும் சாயர்புரத்து ஜி.யு.போப் நினைவுக்கு வருவார். போப் சமயப் பணிக்காக வந்தவர். ஹார்ஸ்பரோவை இங்கே கொண்டுவந்தது போர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943-ல், பிரிட்டிஷ் விமானப்படையோடு இந்தியா வந்தார். போர் முடிந்து போனவர்கள் போனார்கள். இவருக்கு இந்த நாடு பிடித்துப்போயிற்று. ரிஷி வேலி பள்ளியில் ஆசிரியராக இருந்தார், பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்தார், ஆங்கிலப் பாடநூல்கள் எழுதினார். ஐம்பதை நெருங்கும் வயதில், பெரிய நகரத்தில் மதிப்போடு காலம் தள்ளியிருக்கக்கூடிய மனிதர், மனைவி டோரீனையும் மகன் நிக்கோலஸையும் கூட்டிக்கொண்டு அந்த வறண்ட சீமைக்குப் போனார். இந்த ஒரு முடிவை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

நீல் பாகில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு கிடையாது. பெரியதும் சின்னதுமாகப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்தார்கள். தேர்வு இல்லை, தண்டனை இல்லை, முதல் ரேங்க் கடைசி ரேங்க் இல்லை. கணக்கும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் உண்டு; அதோடு பாட்டு, தச்சு, தையல், கொத்து வேலை, தோட்ட வேலை எல்லாம் பாடம். பள்ளி இருந்தது கர்நாடகத்தில் என்றாலும் பிள்ளைகளுக்குத் தெலுங்கு கற்றுத் தந்தார்கள், ஏனென்றால் அந்த எல்லைச் சீமையில் வீட்டில் புழங்குகிற பேச்சு அதுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் பொருட்களைப் படம் போட்டு, நடுநடுவே சிரிக்கவும் வைத்து, அவர்களே தயாரித்தார்கள். ஆசிரியரும் பிள்ளையும் ஒருபோலப் புழங்கக்கூடிய நல்ல நூலகம் ஒன்றும் அந்தக் கிராமத்துக்கு வாய்த்தது.

பள்ளியைப் பெருக்க அவர் ஆசைப்படவில்லை. ஆசிரியராக விரும்பியவர்களைச் சிலர் சிலராகச் சேர்த்துக்கொண்டு, கூடவே வைத்துப் பழக்கினார். 1984-ல் அவர் மறைந்தார். அவரிடம் பழகியவர்கள் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் சிறு சிறு பள்ளிகளைத் தொடங்கியிருந்தார்கள். அவர் காட்டிய வழியில் உந்துதல் பெற்ற பத்மநாப ராவ், ரமா தம்பதியர் ரிஷி வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டையும் ஏணியுமாக ஒரு முறையை உருவாக்கினார்கள். ஒரே அறையில் பல வகுப்பு, ஒரே ஒரு ஆசிரியர் என்ற நிலைக்கு அது பொருந்திப்போனது. நம் அருநூத்துமலைப் பக்கத்துப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு அந்த நிலையை விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டுவந்ததில் எம்.பி.விஜயகுமார் என்ற இ.ஆ.ப. அதிகாரிக்குப் பெரும் பங்கு உண்டு. வேலூரில் ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளின் படிப்பில் அக்கறை காட்டியவர். 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இந்த முறை தொடங்கியது. ஆசிரியர்கள் ரிஷி வேலிக்கே போய்ப் பார்த்து வந்தார்கள். 2007-ல் மாநிலம் முழுவதும் சுமார் 37,000 பள்ளிகளுக்கு விரிந்தது. ராயல்பாட்டில் ஒரு கைப்பிடிப் பிள்ளைகளுக்காக யோசித்தது வாழப்பாடி ஒன்றியத்துக்கும் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

வந்து சேர்ந்ததில் முழுவதும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நீல் பாகில் ஆசிரியர் தன் முன்னால் இருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துப் பாடத்தைச் செய்தார். நமக்கு அட்டைகள் அச்சாகி வந்தன. கிழிந்த அட்டைக்கு மாற்று வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதிவைக்க வேண்டிய பதிவேடுகள் கூடின. முறை பரவிய அளவுக்கு ஆசிரியரின் சுதந்திரம் பரவவில்லை என்பதே என் எண்ணம். அதை மனதில் கொள்ளாமல் ஏணியை மட்டும் குறை சொன்னவர்கள் ஆசிரியர்களுக்கு நியாயம் செய்யவில்லை. பிறகு முறைகள் மாறின. கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்ட 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துத்தான் பாடம். பிள்ளை நிற்கிற இடத்துக்குப் பாடம் போக வேண்டும் என்ற எண்ணம் இன்னும் நம்மோடுதான் இருக்கிறது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேறு ஊரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்து, மாற்றல் கிடைத்தும் போகாமல் உங்கள் கிராமத்திலேயே தங்கிப்போன ஆசிரியர் யாராவது இருந்தால் அவரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். பெரிய சாதனை ஏதும் வேண்டாம். எந்த வீட்டில் குடியிருந்தார், பள்ளிக்கு வராத பிள்ளையை எப்படி அழைத்துவந்தார், சாயங்காலம் யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பவை போதும். செயல்வழிக் கற்றல் அட்டைகளை இன்னும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் ஆசிரியைகள், அவற்றில் தாங்களே கையால் வரைந்து சேர்த்தவை இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்