பிள்ளையைக் கேட்டோமா?

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும். “மாமாவுக்கு அந்தப் பாட்டுக்கு ஆடிக் காட்டு” என்று தொடங்கிவிடுகிறோம். பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளிந்தால், “வெட்கமா? நல்ல பிள்ளை இல்லையா நீ!” என்று கையைப் பிடித்து இழுத்து வருகிறோம். அதற்குள் இன்னொருவர் செல்போனை எடுத்துவிடுகிறார். ஆட விருப்பமா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

இப்படி ஆடச் சொல்லும்போது நம் மனதில் நடிகை ஸ்ரீதேவி இருக்கிறார். சிவகாசிப் பக்கம் மீனம்பட்டியில் 1963 ஆகஸ்டில் பிறந்தவர். 1969-இல் ‘துணைவன்’ படத்தில் குழந்தை முருகனாக வந்தபோது அவருக்கு ஆறு வயதுகூட இருக்குமோ என்னவோ. 1971-இல் ‘பூம்பாட்டா’ என்ற மலையாளப் படத்துக்காகச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான கேரள அரசின் விருது. 1976-இல் ‘மூன்று முடிச்சு’. அதில் 25 வயது ரஜினிகாந்துக்குச் சித்தியாக நடித்தவருக்கு வயது 13. “என்ன முதிர்ச்சி!” என்று இன்றும் வியக்கிறோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் நம் வீட்டுப் பெண்ணை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறோமா?

பள்ளி, கல்லூரி வாழ்க்கையை இழந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் பெரிய நடிகையானார், உண்மைதான். நம் கண்ணை மறைப்பதும் அந்த வெற்றிதான். சின்ன வயதிலேயே நடிக்கவந்து, வளர்ந்ததும் வாய்ப்பில்லாமல் போன பிள்ளைகளின் பெயர் நமக்கு நினைவிருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை காலை. மற்ற பிள்ளைகள் தெருவில் விளையாட, நம் பிள்ளை முகத்தில் பவுடரோடு நடிகர் தேர்வு வரிசையில் நிற்கிறது. மதியம் சாப்பாடு தள்ளிப்போகிறது. “இன்னும் கொஞ்ச நேரம்தான் கண்ணு” என்கிறோம். கெட்ட எண்ணம் நமக்குக் கிடையாது. அதன் நல்லதுக்குத்தான் என்று மனதார நம்புகிறோம். ஆனால் அந்த ஆசை பிள்ளையுடையதா, நம்முடையதா?

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. படப்பிடிப்பில் குழந்தைக்கு ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது; ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் நடிக்கவைக்கக் கூடாது. படிப்பு நிற்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையின் சம்மதம் இல்லாமல் நடிக்கவைக்கக் கூடாது.

குழந்தை நடிக்கும் படப்பிடிப்பு கலெக்டரின் அனுமதி வாங்கித்தான் நடக்க வேண்டும். ஆனால் நம் வீட்டுக் கூடத்தில், ரீல்ஸுக்காக ஒரே அசைவைப் பத்துமுறை செய்யச் சொல்லும்போது நேரத்தைக் கணக்கிட யார் இருக்கிறார்கள்?

நாம்தான் இருக்கிறோம். திறமை இருக்கும் பிள்ளை நடிக்கட்டும், ஆடட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் முதலில் அதைக் கேட்போம். பள்ளிக்கூடத்தையும் தூக்கத்தையும் அதனிடமிருந்து பிடுங்காமல் இருப்போம். அது சம்பாதித்ததை அதன் பெயரிலேயே போட்டுவைப்போம். “வேண்டாம்” என்று சொன்னால், கெஞ்சாமல், மிரட்டாமல், கேமராவை நிறுத்துவோம்.