ஊரறிந்த கேட்டுக்கு ஆராய்ச்சி எதற்கு என்பவர்களுக்கு

டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லும் மனுக்கள் வேங்கிக்காலில் உள்ள திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் புதியவை அல்ல. பள்ளிக்கூடம் போகிற பையன் குடிக்கப் பழகிவிட்டான் என்ற தாய்மாரின் கவலையும் இந்த வட்டாரத்தில் சாதாரணமாகக் காதில் விழுகிறது. இந்த வயதில் குடிப்பது பின்னாளில் மூளையை என்ன செய்கிறது என்று ஆராய அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். “குடி கெடுதல்னு யாருக்குத்தாங்க தெரியாது? அதுக்குப் போய்க் கோடி கோடியாக் கொட்டணுமா? அந்தக் காசுல நாலு மறுவாழ்வு மையம் கட்டலாமே” என்று பதில் வரும். நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறான முடிவு. அதன் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாதம்: “கெடுதல் என்பது தெரிந்ததுதானே?”

ஈரல் கெடும், குடும்பம் சீரழியும் என்பது தெரியும். 15 வயதில் குடிக்கத் தொடங்கி 20 வயதில் நிறுத்திவிட்டவனுக்கு 35 வயதில் அதன் பாதிப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது தெரியுமா? மனித மூளை இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்கிறது. ஆசையை அடக்கவும் பின்விளைவை எண்ணி முடிவெடுக்கவும் உதவும் நெற்றிப்புற மூளைதான் கடைசியாக முதிர்கிறது. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதுதான் சாராயம் உள்ளே போகிறது.

எவ்வளவு போகிறது என்பதையும் பாருங்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் வருகிறது. ஒரே வேளையில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று வகைப்படுத்துகிறது. வளர்ந்த ஆளுக்கே அது மிகை. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள பையனின் ரத்தத்தில் அதே குவார்ட்டர் இன்னும் செறிவாக ஏறும். ‘கெடுதல்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால், எந்த வயதில், எந்த அளவில், எத்தனை முறைக்குப் பிறகு சேதம் நிலைக்கிறது என்ற கேள்விகள் அப்படியே நிற்கும். மருத்துவருக்கு வேண்டியவை அந்தக் கேள்விகளுக்கான விடைகள்தான்.

இரண்டாம் வாதம்: “வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்ததை எடுத்துக்கொள்ளலாமே?”

எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது பாதிதான். அமெரிக்காவில் 1990களில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் வாழ்நாளில் எப்போதாவது மது அடிமைத்தனத்துக்கு ஆளானதாகக் காட்டியது. 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது 10 சதவீத அளவு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சீக்கிரம் குடித்ததால் மூளை மாறியதா, ஏற்கெனவே வேறாக இருந்த மூளை சீக்கிரம் குடியைத் தேடியதா? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் விவேக் பெனகலும் சக ஆய்வாளர்களும் மதுநோயாளிகளின் மகன்களை ஆராய்ந்தபோது, தாங்கள் இன்னும் குடியைத் தொடாத பிள்ளைகளின் மூளையிலேயே சில பகுதிகள் அளவில் சிறுத்திருக்கக் கண்டார்கள். நம் மண்ணில் ஆராய்ந்ததால் கிடைத்த வெளிச்சம் இது.

நம் நிலைமையும் வேறு. இங்கே குடிப்பதில் பெரும்பங்கு பீரோ ஒயினோ இல்லை. பிராந்தி, ரம், விஸ்கிதான். ரத்தசோகையும் ஊட்டக்குறைவும் உள்ள பிள்ளைகள் இங்கே ஏராளம். அமெரிக்கக் கல்லூரி மாணவனின் மூளைப்படத்தை வைத்துச் செங்கம் பக்கத்துப் பையனுக்குக் கணக்குச் சொல்ல முடியாது. இதை உணர்ந்துதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து ‘சி-வேதா’ என்ற ஆய்வுக்குப் பணம் கொடுத்தன. 6 முதல் 23 வயதுவரை உள்ள சுமார் ஒன்பதாயிரம் பேரை அதில் சேர்த்தார்கள். பெங்களூரு, மைசூரு, சண்டிகர், கொல்கத்தா, இம்பால், ரிஷிவேலி என்று பரவிய அதன் மையங்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை.

மூன்றாம் வாதம்: “எலிக்குச் சாராயம் ஊற்றிப் பார்ப்பதில் என்ன பயன்?”

குடி முதலா, மூளை மாற்றம் முதலா என்று மேலே சொன்ன சிக்கலை அவிழ்க்க இதைவிட நேரான வழி இல்லை. எந்தக் குழந்தைக்கும் மதுவைக் கொடுத்துச் சோதிக்க முடியாது, கூடாது. ஒரே மாதிரியான எலிக்குட்டிகளில் பாதிக்கு மட்டும் வளரும் பருவத்தில் மது கொடுத்து, பிறகு நிறுத்தி, வளர்ந்தபின் பார்த்தால்தான் காரணம் எது, விளைவு எது என்பது பிரியும். அமெரிக்க அரசின் மது ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் தொடங்கி ‘நாடியா’ என்ற கூட்டமைப்புக்கு இதற்காகவே நிதி தந்தது. வளர்பருவத்தில் மட்டும் மது பெற்ற எலிகள் பெரிதான பிறகும் பதற்றத்தோடு இருந்தன. பழைய பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் திணறின. கவனத்துக்கும் கற்றலுக்கும் துணைநிற்கும் ஒருவகை நரம்பணுக்கள் அவற்றின் மூளையில் குறைந்திருந்தன.

அதைவிடப் பெரிய செய்தி, சேதத்தில் ஒரு பகுதி மீளக்கூடியது என்பது. ஓடுசக்கரத்தில் ஓடிய எலிகளுக்குப் பாதிப்பு குறைந்தது. சிகாகோவில் சுபாஷ் பாண்டேயின் குழு, மரபணுவை வெட்டாமல் அதன் இயக்கத்தை மட்டும் திருத்தும் முறையில், வளர்ந்த எலிகளின் பதற்றத்தையும் மது நாட்டத்தையும் தணித்துக் காட்டியது. அது 2022இல் வெளியானது. எலியில் பலித்தது மனிதரில் பலிக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஆனால் ‘மூளை கெட்டது கெட்டதுதான்’ என்று கைகழுவத் தேவையில்லை என்பதை அந்தக் கூண்டுகள்தான் நமக்குச் சொல்லியிருக்கின்றன.

நான்காம் வாதம்: “அந்தப் பணத்தைச் சிகிச்சைக்குக் கொடுங்கள்.”

இதில் நியாயம் உண்டு. 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. இது வெட்கக்கேடு. ஆனால் ஆராய்ச்சிப் பணத்தைப் பறித்து இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. 2024-25இல் டாஸ்மாக் மூலம் தமிழ்நாடு அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். நாடு முழுமைக்குமான சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு 2025-26இல் ஒன்றிய அரசு ஒதுக்கியது சுமார் 3,900 கோடி. புற்றுநோய், காசநோய் எல்லாம் அதற்குள்தான். சிகிச்சைக்குப் பணம் இல்லாமல் போனதற்கு ஆய்வுக்கூடம் காரணம் இல்லை. மறுவாழ்வு மையத்தில் சேரும் 19 வயதுப் பையனுக்கு, ஐம்பது வயதுக்காரருக்குச் செய்வதையே செய்யாமல், அவன் மூளைக்கு ஏற்ற சிகிச்சை எது என்று சொல்லவும் ஆராய்ச்சிதான் வேண்டும்.

ஐந்தாம் வாதம்: “21 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே, அதை ஒழுங்காக நடத்தினால் போதும்.”

கட்டாயம் நடத்த வேண்டும். ஆனால் இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில் அந்த வயது 18. டெல்லியில் 25. பிள்ளைகளின் மூளை மாநிலத்துக்கு மாநிலம் வேறாக வளர்வதில்லை. வயதை உயர்த்தவோ, குறைக்கச் சொல்பவர்களைத் தடுத்து நிறுத்தவோ கையில் ஆதாரம் வேண்டும். நம் பிள்ளைகளைப் பற்றிய ஆதாரம் இல்லாவிட்டால், வருவாயை முன்வைத்துப் பேசுபவரின் குரலே எடுபடும்.

ஆகவே கோரிக்கையைத் தெளிவாக வைக்கிறேன். டாஸ்மாக் கடைகள் பகல் 12 முதல் இரவு 10 மணிவரை திறந்திருக்கின்றன. அரசின் ஆண்டு வருவாயை நாட்களுக்கும் மணிகளுக்கும் பிரித்தால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 கோடி ரூபாய். ஆண்டுக்கு அந்த ஒரு மணி நேர வருவாயை ஒதுக்குங்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி போன்ற மாவட்டக் கல்லூரிகளை நிம்ஹான்ஸோடு இணைத்து, பெற்றோர் சம்மதத்தோடும் பெயர் வெளியாகாத உறுதியோடும், 12 வயதுப் பிள்ளைகளை அவர்களின் 30 வயதுவரை தொடர்ந்து கவனியுங்கள். சிகிச்சைக்கான பணத்தில் கை வைக்க வேண்டாம். குடியில் வரும் பணத்தை வாங்கிக்கொள்ளும் அரசுக்கு, அந்தக் குடி பிள்ளைகளின் மூளையை என்ன செய்கிறது என்று அறிந்து சொல்லும் கடமையும் உண்டு.