திறந்த கதவும் ஓர் அமானிதமே



விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் இல்லமாயினும், சென்னை மாடி வீடாயினும், இன்று மகன் கேட்கும் அனுமதி ஒன்றுண்டு: "அத்தா, நம் கம்ப்யூட்டரிலேயே மைன்கிராஃப்ட் சர்வர் நடத்தட்டுமா?"

வீட்டு ரூட்டர், நாம் கேட்டதற்கு வரும் பதிலை உள்ளே விடும். அழையாது வருவதைத் தடுக்கும். தோழர்கள் நுழைய வேண்டுமாயின் 25565 என்னும் போர்ட்டைத் திறந்து, அதனை அந்தக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட வேண்டும். பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் இணைப்பாயின், திறந்தும் பயனிராது.

ஆயினும், திறந்த கதவில் தோழர் மட்டுமே நுழைவதில்லை. 2016இல் மிராய் என்னும் தீய மென்பொருள், ஆலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத ரூட்டர்களையும் கேமராக்களையும் அடிமைப்படுத்தியது. மைன்கிராஃப்ட் சர்வர்களிடையே எழுந்த வியாபாரப் போட்டியே அதன் பிறப்பிடம். அதனைப் படைத்த அமெரிக்க இளைஞர் மூவர் 2017இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2021 டிசம்பரில் வெளிப்பட்ட இன்னொரு குறைபாட்டால், அரட்டையில் இட்ட ஒரே வரி சர்வரைப் பிறர் வசமாக்க முடிந்தது.

ஆகவே மறுக்க வேண்டாம், நிபந்தனை விதியுங்கள். அந்த ஒரு போர்ட் மட்டுமே திறக்கட்டும். பெயர்ப் பட்டியலில் உள்ளோரே நுழையட்டும். ரூட்டரின் கடவுச்சொல் மாறட்டும்; மென்பொருள் புதுப்பிக்கப்படட்டும். வங்கிக் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டரில் சர்வர் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் கதவை அடைப்பது மகனின் பொறுப்பு. சாவியை ஒப்படைக்கும்போதே அதனையும் கற்பியுங்கள்.