கணினி யாருக்கு?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் சின்னசேலத்தில் எந்தத் தகப்பனாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "நல்ல மார்க் வந்தா கம்ப்யூட்டர் குரூப், இல்லேன்னா காமர்ஸ்." கணினியை மார்க் எடுத்தவனுக்குக் கொடுக்கும் பரிசாக ஆக்கியது யார்?

பணம் கட்டி சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு ஆறாம் வகுப்புக்கு முன்பே கணினி வகுப்பு உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கோ பதினோராம் வகுப்பில்தான் அது தனிப் பாடம். அதுவும் அந்தப் பிரிவு உள்ள பள்ளியில், இடம் கிடைத்தால்! அதற்குக் கீழே? பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் புரட்டுங்கள். 'காட்சித் தொடர்பு' என்று ஸ்கிராட்ச் பற்றிய பாடம் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொதுத்தேர்வு நெருக்கத்தில் அதை நடத்த எந்த அறிவியல் ஆசிரியருக்கு நேரம் இருக்கும்?

2011-ல் சமச்சீர் கல்வியில் ஆறு முதல் பத்து வரை கணினி அறிவியலுக்கென்றே புத்தகம் அச்சானது. ஆட்சி மாறியது; புத்தகம் வகுப்பறைக்கு வரவில்லை. கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் அன்றிலிருந்து மனுவும் கையுமாக அலைகிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2001-லேயே 'ஐ.டி. அட் ஸ்கூல்' தொடங்கிவிட்டார்கள். அங்கே எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் எல்லாப் பிள்ளைக்கும் ஐ.டி. தேர்வு உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டும் அல்ல!

நம்மிடம் இயந்திரம் இல்லாமல் இல்லை. 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் அமைத்தார்கள். 2025-ல் 'டி.என். ஸ்பார்க்' என்றொரு திட்டமும் அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் கற்றுக்கொடுப்பவர் யார்? வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளையின் கை விசைப்பலகையில் படுகிறது? கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றிய ஊர்களின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கும் இதே கேள்விதான். அவர்களுக்கும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும்.

அரசைக் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?", "ஓதுற பிள்ளைக்கு எதுக்கு?" என்ற பேச்சு நம் வீடுகளில் ஓய்ந்துவிட்டதா? கணினிக்கு இடும் வழிமுறையை உலகமே 'அல்காரிதம்' என்கிறது. அது ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்த சொல். மேடையில் இதைச் சொல்லிப் பெருமைப்படுவதில் நாம் குறை வைப்பதில்லை. மதரஸாவில் ஒரு கணினி வைக்கத்தான் கை வருவதில்லை!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்றுதான் கணக்கிடப்படுகிறது. பிளஸ் டூ கணினி அறிவியல் மதிப்பெண் அதில் சேராது. கணிதத்தோடு உயிரியல் எடுத்த பிள்ளையும் கணினிப் பொறியியலுக்கு விண்ணப்பிக்கலாம். "கம்ப்யூட்டர் குரூப் கிடைக்கலே, எல்லாம் போச்சு" என்று அந்தப் பிள்ளையை ஒடித்துப் போடாதீர்கள்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஜமாஅத்திலிருந்து நான்கு பெற்றோராவது செல்லுங்கள், தாய்மாரும் வரட்டும். ஆறு முதல் பத்து வரை ஆய்வக நேர அட்டவணையைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள்.