காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா?

தாம்பரம் சுற்றுவட்டார ஹாஸ்டல்களில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் முளைக்கும் நிபுணர்கள் பல வகை. கிரிக்கெட் நிபுணர், பைக் நிபுணர், இப்போது புதிதாகத் துப்பாக்கி நிபுணர். இவருக்கு .338 லாபுவா தெரியும், .300 வின்செஸ்டர் மேக்னம் தெரியும், ஒரு மைல் தூரத்தில் நிற்கும் மானை எந்தத் தோட்டாவால் சாய்க்கலாம் என்று கணக்கோடு சொல்வார். எல்லாம் வீடியோவில் கற்றது. இவர் நேரில் பார்த்த மான் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் மேயும் புள்ளிமான். பார்த்த காட்டுமிருகம் வண்டலூரில் கம்பிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது. ஒரு மைல் தூரம் கண்ணுக்குத் தெரிகிற காடு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

இவரைக் கிண்டல் பண்ணிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் இதே குழப்பம், இதைவிடப் பொறுப்பான இடங்களிலும் இருக்கிறது. அங்கே அதன் விலையை ஒரு மிருகமோ, ஒரு விவசாயியோ, பக்கத்து வீட்டுக் குழந்தையோ கொடுக்க வேண்டியிருக்கும்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. ஆனால் அதே சட்டத்தின் 11-வது பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மனித உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் சுடுவதற்கு அனுமதி கொடுக்கலாம். ஊட்டி பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலி 2014 ஜனவரியில் சுடப்பட்டது இப்படித்தான். 2021-ல் மசினகுடி டி-23 புலிக்கும் முதலில் வேட்டை உத்தரவுதான் போட்டார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். அடுத்து காட்டுப்பன்றி. 2022-ல் கேரளா, பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுத்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு தன் முடிவை அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றைத் தாண்டி வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம்.

இதைப் பற்றி எத்தனை விவாதம்! மூன்று கிலோமீட்டரா ஐந்தா, வனத்துறை சுடுவதா விவசாயி சுடுவதா, செத்த பன்றியைப் புதைப்பதா எரிப்பதா... எல்லாம் பேசியாயிற்று. எந்தத் தோட்டாவால், எத்தனை மீட்டர் தூரத்திலிருந்து என்று கேட்டால், "போலீஸ்காரர் துப்பாக்கி இருக்கே, அது போதாதா?" என்று பதில் வருகிறது.

போதாது. போதாதது சக்தி இல்லை, குண்டு.

தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அதன் பின்னால் வெடிக்கும் மருந்து, உள்ளே கரிமருந்து, முன்னால் குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறந்து போய் உடம்பில் இறங்குவது குண்டு மட்டும். ஒரே தோட்டாவில் இரண்டு விதக் குண்டு வைக்கலாம். ஈயத்தை முழுக்கத் தாமிர உறையால் மூடினால் அது ராணுவக் குண்டு. மூக்கில் மட்டும் ஈயத்தைத் திறந்து விட்டால் அது மென்முனைக் குண்டு, உடம்பில் பட்டதும் காளான் மாதிரி விரியும். இந்த விரிகிற குண்டுக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்ததே நம் நாடுதான். கல்கத்தா பக்கத்து டம் டம் ஆயுதச் சாலையில் 1890-களில் செய்தார்கள். கொடூரம் என்று சொல்லி 1899 ஹேக் மாநாட்டில் போரில் பயன்படுத்தத் தடை போட்டார்கள். அதிலிருந்து சிப்பாய்களின் குண்டு எல்லாம் உறை மூடிய குண்டு. அது மனிதனின் உடம்பில் ஊசி மாதிரி நுழைந்து பின்னால் வெளியே போய்விட வேண்டும், ஆள் காயத்தோடு பிழைக்கலாம் என்பது எண்ணம்.

சிப்பாய்க்கு அது தயவாக இருக்கலாம். மிருகத்துக்கு அதே குண்டுதான் கொடுமை. நூறு கிலோ ஆண் பன்றியின் வயிற்றில் ராணுவக் குண்டு ஒன்று நுழைந்து வெளியேறினால் அது விழாது. ஓடும். கரும்புத் தோட்டத்துக்குள்ளோ சீமைக்கருவேலப் புதருக்குள்ளோ போய்ப் படுத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்துச் சாகும். அதற்குள் விறகு பொறுக்க வந்தவர் மேல் பாயும். விரிகிற குண்டு நுரையீரலில் இறங்கினால் சில நொடிகளில் முடிந்துவிடும். மனிதர்களுக்குள் தடை செய்யப்பட்டது மிருகத்துக்குக் கருணையாக ஆவது விநோதம்தான், ஆனால் உண்மை.

இப்போது தூரம். வனத்துறைக்காரர் பன்றியை எங்கே பார்க்கப்போகிறார்? ராத்திரி, கடலைக் கொல்லையில், டார்ச் வெளிச்சத்தில். அதிகம் போனால் ஐம்பது மீட்டர், அதாவது இரண்டரை கிரிக்கெட் பிட்ச். அந்தத் தூரத்தில் எந்த ரைஃபிள் தோட்டாவும் பெரிதாகக் கீழே இறங்காது. நொடிக்கு 600 மீட்டருக்குச் சற்று மேல் போகும் .315 குண்டுகூட ஐம்பது மீட்டரில் மூன்று செ.மீ. அளவுதான் தாழும். 200 மீட்டருக்குப் போனால் கதையே வேறு. அதே குண்டு அரை மீட்டரைத் தாண்டித் தாழும். எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் 7.62 குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் போவதால் முப்பத்தைந்து செ.மீ. சுமாருக்குத்தான் தாழும். வேகத் தோட்டாவின் பெருமை எல்லாம் இங்கேதான். ஐம்பது மீட்டரில் அந்தப் பெருமைக்கு ஒரு காசு மதிப்பில்லை. பன்றியின் நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அதை ராத்திரியில் 200 மீட்டரிலிருந்து அடிப்பேன் என்பவர் கையில் துப்பாக்கியே கொடுக்கக்கூடாது.

பழைய வேட்டைக்காரர்கள் இதை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் (அன்றைய சேலம் மாவட்டம்) ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தபோது கையில் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். 1904-ல் வந்த தோட்டா, 300 கிரெய்ன், அதாவது பத்தொன்பது கிராம் குண்டு. தொலைதூரத்துக்கு லாயக்கில்லை, சீக்கிரமே தாழ்ந்துவிடும். ஆனால் அவர் சுட்ட தூரங்களைப் பாருங்கள், பெரும்பாலும் கல் எறிகிற தூரம். அங்கே கனமான, மெதுவான, விரிகிற குண்டுதான் ராஜா. ஜிம் கார்பெட்டோ லேசான .275 ரிக்பியையும் வைத்திருந்தார், கனமான .450/400 இரட்டைக் குழலையும் வைத்திருந்தார். இடத்துக்கும் மிருகத்துக்கும் தக்க மாதிரி எடுத்துக்கொண்டு போவார். ஆப்பிரிக்காவில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்றார் (கேட்கவே வயிற்றைப் பிசைகிறது), அதில் பெரும்பகுதி அதே .275 தோட்டாவால். ஆனால் அவர் போட்டது உறை மூடிய குண்டு, ஏனென்றால் யானையின் மண்டையோட்டைத் துளைத்து மூளைக்குப் போக விரியாத குண்டுதான் வேண்டும். பெரிய தோட்டா ரசிகர்கள் பெல்லின் பெயர் வந்தால் மௌனமாகிவிடுவார்கள். சின்னத் தோட்டா ரசிகர்கள் அவருடைய பெயரைச் சொல்லிவிட்டு, மண்டையோட்டின் அமைப்பை அவர் எத்தனை காலம் படித்தார் என்பதை விட்டுவிடுவார்கள்.

தோட்டா விஷயத்தில் அரசாங்கம் வேறு எதையோ மனதில் வைத்து முடிவெடுப்பது இந்த நாட்டில் புதிதில்லை. கிளர்ச்சிக்காரர்களிடம் இருந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்குக் குண்டு கிடைத்துவிடுமே என்று பயந்து, நூறு வருஷத்துக்கு முன் பிரிட்டிஷ் இந்திய அரசு .450 அளவையே தடை செய்தது. புலி வேட்டைக்கு அதுதான் அன்று பிரபலம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் அவசர அவசரமாக .465, .475 என்று புது அளவுகளைக் கொண்டுவந்தன. ஆப்பிரிக்காவில் இன்றுவரை புகழ்பெற்ற .470 தோட்டா இவ்வளவு பரவியதற்கும் இந்தத் தடைதான் காரணம். .303 ராணுவ அளவு, அதனால் பொதுமக்களுக்குக் கிடையாது. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் பழைய ஆஸ்திரிய மான்லிகர் தோட்டாவான .315. சுதந்திரத்துக்குப் பிறகும் இஷாப்பூர் தொழிற்சாலை அதற்குத்தான் ரைஃபிள் செய்தது. ஆக, மிருகத்தையோ தூரத்தையோ பார்த்து யாரும் .315-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. கலகத்துக்குப் பயந்த குமாஸ்தாக்கள் தேர்ந்தெடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அது சரியாகவே அமைந்துவிட்டது! பதினாறு கிராம் மென்முனைக் குண்டு, மூவாயிரம் ஜூல் சக்தி, ஐம்பது மீட்டர்... பன்றிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதைவிட வேடிக்கை 1959 ஆயுதச் சட்டம். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் கேட்கும் விவசாயிக்கு அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் காட்டுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியை. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களின் தாத்தாக்கள் அதை வைத்துக் கொக்கும் நரியும் அடித்தார்கள், இருபது முப்பது எட்டு வரை நெருங்கிப் போய். அந்த நெருக்கம்தான் அவர்களுடைய வித்தை. அந்த வித்தை இல்லாதவர் அதே துப்பாக்கியில் ஆணியும் பால்ரஸும் போட்டு நாற்பது மீட்டரில் பன்றியைச் சுட்டால் என்ன ஆகும்? ஆண் பன்றியின் தோளில் தோலும் குருத்தெலும்பும் சேர்ந்து கேடயம் மாதிரி இறுகி இருக்கும். காயம் படும், சாகாது. 12 போர் துப்பாக்கியில் எல்.ஜி. ரவை போட்டால் பரவாயில்லை, அதுவும் இருபத்தைந்து மீட்டருக்குள். அதற்கு மேல் ரவைகள் சிதறிப் பன்றியைவிட அகலமாகிவிடும்.

குண்டு நின்ற இடத்தோடும் கதை முடியவில்லை. உறை மூடிய 7.62 குண்டு பன்றியைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். குறி தவறினால் கேட்கவே வேண்டாம். சற்று மேல்நோக்கிக் கிளம்பினால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். தாம்பரம் ஸ்டேஷனில் கிளம்பினால் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் விழும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை நார்த்தாமலை துப்பாக்கிச் சுடும் தளத்திலிருந்து தப்பி வந்த குண்டு, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருந்த பதினொரு வயதுப் பையன் தலையில் பாய்ந்தது. சில நாளில் இறந்துபோனான். மலையைப் பின்னால் வைத்து அமைத்த தளத்திலேயே இந்தக் கதி. நன்மங்கலம் காப்புக்காட்டைச் சுற்றியும், வண்டலூருக்குத் தெற்கேயும் காம்பவுண்டுச் சுவருக்கு மறுபக்கமே அடுக்குமாடி நிற்கிறது. காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி என்றால் அது ஊருக்கு நடுவில் என்று அர்த்தம். சுடலாம் என்று சட்டம் அனுமதிக்கும் இடமும், சுடுவதற்கு மிக ஆபத்தான இடமும் ஒன்றாகவே இருக்கிறது.

இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு: பரண். தினைப்புனம் காத்த காலத்திலிருந்து இருப்பது. (இந்தி வேட்டைக்காரர்கள் இதை மச்சான் என்பார்கள். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு உபயோகம்.) நான்கு மீட்டர் உயரத்திலிருந்து முப்பது மீட்டரில் நிற்கும் பன்றியைச் சுட்டால் குண்டு கீழ்நோக்கிப் போகிறது. தவறினாலும், துளைத்தாலும் பின்னால் இருப்பது மண். ஜீப்பின் மேல் நின்றுகொண்டு தட்டையாகச் சுடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு உயிர்.

"எதற்கு இதெல்லாம், சுடவே வேண்டாம்" என்று சொல்கிற நல்லவர்கள் சென்னையில் ஏராளம். அவர்கள் கடலை போட்டதில்லை. சுடாத ஊரில் பன்றி நிம்மதியாக வாழ்கிறது என்று நினைத்தால் அவுட்டுக்காய் என்ற வார்த்தையை அவர்கள் கேள்விப்படவில்லை என்று அர்த்தம். தீனிக்குள் வெடியை மறைத்து வைப்பார்கள், கடித்ததும் தாடை சிதறும். 2020 மே மாதம் பாலக்காட்டில் கர்ப்பிணி யானை ஒன்று வாய் கிழிந்து ஆற்றில் நின்றபடியே செத்தது இந்த மாதிரி வெடியால்தான். 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஹள்ளி பக்கம் மூன்று யானைகள் கள்ள மின்வேலியில் செத்தன, பக்கத்திலேயே இரண்டு குட்டிகள் சுற்றிச் சுற்றி நின்றன. நல்ல தோட்டாவை மறுப்பவர்கள் இந்த இரண்டையும்தான் வளர்க்கிறார்கள், தெரியாமலேயே.

கேட்க வேண்டியது பெரிய காரியமும் இல்லை. .315 மென்முனைத் தோட்டாவை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, புனே கட்கியில் செய்கிறார்கள். ரைஃபிளின் குறியை ஐம்பது மீட்டருக்குச் சரிபார்த்து, அதற்கு மேல் சுடக்கூடாது என்று உத்தரவிலேயே எழுதலாம். பரண் இல்லாமல் சுடக்கூடாது என்று எழுதலாம். சுட்டவர், அடிபட்ட பன்றி விழாமல் ஓடினால், விடிந்ததும் ரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்து போய் முடித்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்றும் எழுதலாம். இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டால் 200 மீட்டரில் சுட ஆசைப்படும் கை தானாகவே இறங்கிவிடும், ஏனென்றால் காயம்பட்ட ஆண் பன்றி படுத்திருக்கும் கரும்புத் தோட்டத்துக்குள் தவழ்ந்து போக எந்த நிபுணரும் வரமாட்டார்.