பெரியம்மாவின் நோட்டுப் புத்தகம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றைக் கடந்து, ஏரியையும் கடைவீதியையும் பின்னே விட்டு மேலும் சிறிது தூரம் சென்றால் கரடியூர் வரும். சுற்றுலா வருவோர் அங்குள்ள காட்சிமுனையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுவர். எனக்கோ அவ்வூர் உறவூர். என் தாயாரின் மூத்த சகோதரி அங்கேதான் வாழ்கிறார்கள். வயது எழுபத்தொன்று. ஒரு சிறு காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகள், ஐவேளைத் தொழுகை, கிரிக்கெட் ஆகியவையே அவர்களின் உலகம். கடைசிச் சொல்லைக் கண்டு வாசகர்கள் திகைக்க வேண்டாம். இம்மாதம் அதைப் பற்றித்தான் எழுத எண்ணுகிறேன்.

பெரியம்மாவுக்கு இந்த ஆட்டம் கண்வழியாக வந்ததன்று, காதுவழியாக வந்தது. மர்ஹூம் பெரியத்தா அவர்கள் கரடியூரில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். கடையில் தோல் உறையிட்ட ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. சென்னையில் ஆட்டம் நடந்தால் தமிழில் வர்ணனை வரும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களின் குரலை அறியாத வானொலி நேயர் அந்நாளில் யார்? 2020இல் மறைந்த அந்தப் பெருமகனின் தமிழைக் கேட்டுக் கேட்டே, மைதானத்தை ஒருமுறையும் பார்த்திராத பெரியம்மா, எந்த ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்பதை அரிசி புடைத்துக்கொண்டே சொல்லும் அளவுக்குத் தேர்ந்துவிட்டார்கள்.

1999ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்களில் தோற்றது. முதுகு வலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 ரன்கள் எடுத்தும் பயனில்லை. அன்று தோற்ற ஊரின் மக்கள் எழுந்து நின்று, வென்று மைதானத்தைச் சுற்றி வந்த விருந்தினருக்குக் கைதட்டினார்கள். அச்செய்தியைக் கேட்டுப் பெரியம்மா அழுதார்களாம். "தோத்ததுக்கு அழுதீங்களா பெரியம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்கும்தான். ஆனா கைதட்டினாங்க பாரு, அதுக்குத்தான் அதிகம்" என்றார்கள். 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸ் என்னும் அணி உருவானபோது, அந்தக் கைதட்டலின் ஊர் என்பதற்காகவே அதைத் தம் அணியாக வரித்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம்.

அந்த ஆண்டிலேயே நோட்டுப் புத்தகமும் தொடங்கியது. நீள நோட்டு, கடைக்கணக்குக்கு வாங்கியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி. முதல் ஆண்டு இறுதி ஆட்டத்தில் ராஜஸ்தானிடம் கடைசிப் பந்தில் தோல்வி. 2010இலும் 2011இலும் கோப்பை. பிறகு 2012, 2013, 2015 என மூன்று முறை இறுதி வரை சென்று தோல்வி. 2019இல் நேர்ந்ததை எண்ணினால் எனக்கே நெஞ்சு கனக்கும். அது ரமளான் மாதம். பெரியம்மா வீட்டில் தராவீஹ் தொழுதுவிட்டு, தஸ்பீஹ் மணியைக் கையில் பிடித்தவாறே தொலைக்காட்சி முன் வந்தமர்ந்தார்கள். முழங்காலில் இரத்தம் கசிய வாட்சன் 80 ரன்கள் எடுத்தும், கடைசிப் பந்தில் மலிங்கா விக்கெட்டைச் சாய்க்க, ஒரே ஒரு ரன்னில் மும்பை வென்றது. நோட்டில் அன்றைய வரி: "1 ரன். அல்ஹம்துலில்லாஹ்." தோற்றதற்கு எதற்கு அல்ஹம்துலில்லாஹ் என்றேன். "ஸஹர் வரைக்கும் தூக்கம் வராது, தஹஜ்ஜுத் தப்பாது" என்றார்கள்.

அடுத்த ஆண்டு எட்டு அணிகளில் ஏழாமிடம். அதற்கடுத்த ஆண்டு கோப்பை. 2022இல் பத்தில் ஒன்பதாமிடம். 2023இல் மீண்டும் கோப்பை. அந்த இறுதி ஆட்டம் அகமதாபாத் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய், அன்றும் மழை பெய்து, நடுநிசி கடந்தபின் முடிந்தது. கடைசி இரு பந்துகளில் 10 ரன்கள் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். கரடியூரில் அன்றிரவு பனிமூட்டம் கவிந்து, படம் துண்டு துண்டாகவே தெரிந்ததாம். சிக்சரைப் பார்த்தார்கள், பவுண்டரியைப் பார்க்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து வீட்டில் எழுந்த கூச்சலைக் கேட்டே வெற்றியை அறிந்தார்கள்.

இவர்களின் பக்தியில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. அதன் பெயர் சின்னப்பம்பட்டி நடராஜன். சேலம் மாவட்டத்துக் கிராமத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து இந்திய அணி வரை சென்ற பிள்ளை சென்னைக்கு எதிராகப் பந்து வீச வரும்போது யாருக்காக துஆச் செய்வது என்று தெரியாமல் தவிப்பார்கள். "அந்தப் புள்ளைக்கு விக்கெட்டு விழணும், நம்ம ஆளுங்க ஜெயிக்கணும்" என்று முடிவில் ஒரு சமரசத்துக்கு வந்துவிடுவார்கள்.

தொழுகையாளியான மூதாட்டி ஆட்டம் பார்ப்பதாவது என்று உறவினர் சிலர் முணுமுணுத்ததுண்டு. ஓதிக்கொடுப்பவன் என்பதால் என்னிடமும் கேட்டார்கள். பெருநாளன்று மஸ்ஜிதில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நடத்தியதையும், அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நின்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் பார்க்கச் செய்ததையும், அன்னையாரே போதுமென்று சலிக்கும்வரை நின்றதையும் புகாரி, முஸ்லிம் இரண்டும் அறிவிக்கின்றன. இதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். சொல்லிவிட்டு, பெரியம்மாவிடம் தனியே சென்று, "சத்தம் போடாமல் பாருங்கள், பேரன் படிக்கிறான்" என்று கண்டிக்கவும் செய்தேன். அந்தக் கண்டிப்பை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பேரன் சேலத்தில் கல்லூரியில் படிப்பவன். தந்தை வளைகுடாவில். வார இறுதியில் மலைக்கு வந்துவிடுவான். பெரியம்மா தொலைக்காட்சி முன் கூவிக்கொண்டும் கடிந்துகொண்டும் இருக்க, அவன் ஒரு மூலையில் கைபேசியோடு அமைதியாக இருப்பான். என் கண்ணுக்குக் கிழவியின் கூச்சல்தான் தெரிந்தது. பிள்ளையின் அமைதி தெரியவில்லை.

அவன் பாட்டியிடம் கேள்விகள் கேட்பான். "நன்னி, பெங்களூரு சேப்பாக்கத்தில் எப்போது ஜெயித்தது?" நோட்டைப் புரட்டி, "2008ல, அதோட சரி" என்று பெருமையாகச் சொல்வார்கள். பேரனுக்கும் தம் பித்துப் பிடித்துவிட்டதென்று மகிழ்ந்தார்கள். சொன்னது உண்மையே. ஆனால் 2025 மார்ச் 28ஆம் நாள், 17 ஆண்டுகளுக்குப் பின் பெங்களூரு சேப்பாக்கத்தில் வென்றது, 50 ரன்களில். அடுத்து, 2010க்குப் பின் அங்கே வென்றிராத டெல்லி வென்றது. கொல்கத்தாவிடம் சென்னை 20 ஓவர்களில் 103 ரன்கள் மட்டுமே எடுத்துச் சுருண்டது. அம்மைதானத்தில் சென்னையை ஒருபோதும் வென்றிராத ஹைதராபாத்தும் வென்றது. 14 ஆட்டங்களில் நான்கே வெற்றி. வரலாற்றில் முதன்முறையாகக் கடைசியிடம். பெரியம்மாவின் நோட்டில் இருந்த ஒவ்வொரு பெருமையாக அந்த ஒரு கோடையில் உதிர்ந்தது.

ஜூன் மாதம் மழை இறங்குமுன் கூரை ஓடு மாற்றக் கொத்தனார் வந்தார். மிளகு விற்ற பணம் வங்கிக் கணக்கில் இருந்தது. கணக்கைக் கைபேசி வழியாகப் பார்த்து வந்தவன் பேரன். எடுக்கச் சொன்னபோதுதான் பணம் இல்லையென்று தெரிந்தது. 42,000 ரூபாய். ஏதோ ஒரு பந்தயச் செயலியில், பாட்டி சொன்ன கணக்கை நம்பிச் சென்னையின் மேல் கட்டியிருக்கிறான். முதலில் 500. தோற்றதை மீட்க 2,000. அதை மீட்க 5,000. இவ்வாறு மே மாத நடுவிலேயே எல்லாம் கரைந்துவிட்டது.

நான் போனபோது மழை தொடங்கிவிட்டது. ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைத்திருந்தார்கள். பையன் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தான். "சின்னத்தா, நன்னி சொன்னதெல்லாம் சரியாகத்தானே இருந்தது" என்றான். அழுதுகொண்டு சொன்னான்.

நான் அவனுக்கு மைசிர் பற்றிப் பேசினேன். திருமறை (2:219, 5:90) மதுவோடு சேர்த்து விலக்கிய சூதுக்கு அரபியில் அதுவே பெயர். எளிமை என்னும் பொருள்தரும் வேரிலிருந்து அச்சொல் பிறந்ததாக அறிஞர் சிலர் கூறுவர். உழைப்பின்றி எளிதாக வரும் பொருள். அறியாமைக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கி எடுத்துப் பங்கு போட்டனர். வென்ற இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை பேசிக்கொண்டதும் உண்டு. அந்த நன்மையையும் மீறித்தான் அது விலக்கப்பட்டது. எல்லாம் சரியாகவே சொன்னேன். பெரியம்மா கேட்டுவிட்டு, "போதும் தம்பி, அவனுக்கு இது தெரியாமயா செஞ்சான்?" என்றார்கள். மதரஸாவில் நான் நடத்திய எந்தப் பாடத்துக்கும் இத்தகைய மதிப்புரை கிடைத்ததில்லை.

ஆட்டத்தையும் சூதையும் பிரித்து நிறுத்துவது உலகெங்கும் பெரும்பாடாகவே இருந்து வருகிறது. அமெரிக்காவில் பேஸ்பால் என்றோர் ஆட்டம் உண்டு. கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். அங்கே 1919ஆம் ஆண்டு இறுதித் தொடரில், சூதாடிகளின் பணத்துக்காகத் தோற்றதாகச் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் எட்டுப் பேர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. 1921இல் நீதிமன்றம் விடுவித்தும் ஆட்ட நிர்வாகம் அவர்களை வாழ்நாள் முழுதும் விலக்கியது. அதே சிகாகோ நகரத்தின் மற்றோர் அணியான கப்ஸ், 1908இல் கோப்பை வென்றபின் அடுத்த கோப்பைக்கு 2016 வரை, 108 ஆண்டுகள் காத்திருந்தது. பாட்டனும் தந்தையும் காணாததை மகன் கண்டான். இரண்டு கதைகளும் ஒரே ஊரில் நடந்தவை.

நம் நாட்டிலும் தமிழக அரசு 2022இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. எங்கள் வீட்டுக்கு அச்சட்டம் இரண்டு மாதம் பிந்தி வந்தது.

ஆனால் பெரியம்மாவிடம் முன்பே ஒரு சட்டம் இருந்தது. 2013 போட்டிகளின்போது சென்னை அணியின் நிர்வாகத்தோடு தொடர்புடைய ஒருவர் பந்தயம் கட்டியது வெளிப்பட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி லோதா குழு, 2015 ஜூலையில் சென்னையையும் ராஜஸ்தானையும் இரண்டாண்டுகள் விலக்கி வைத்தது. ஆட்டக்காரர்கள் செய்த குற்றமா என்று ஊரே அணிக்காகப் பரிந்து பேசியபோது பெரியம்மா மட்டும், "வீட்டுக்காரன் செஞ்சா வீட்டுக்கும்தான் கெட்ட பேரு. ரெண்டு வருஷம் இருக்கட்டும்" என்றார்கள். நோட்டில் 2016, 2017 என்று தலைப்பிட்டு இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றன. தோனி வேறோர் அணிக்கு ஆடியதையும் அவர்கள் பார்க்கவில்லை. 2018இல் அணி திரும்பி வந்து கோப்பையும் வென்றது. அந்தப் பக்கத்தில் மட்டும் பச்சை மையில் எழுதியிருக்கிறார்கள்.

அன்று ஒழுகும் கூரையின் கீழ் பேரனிடமும் அதையே சொன்னார்கள். "ரெண்டு வருஷம். அவங்களுக்கு எப்படியோ அப்படித்தான் உனக்கும். பணத்தை உழைச்சுக் கட்டு. அதுவரைக்கும் யாரு ஜெயிப்பான்னு என்கிட்ட கேக்காதே." கைபேசி மாற்றப்பட்டது, பேச மட்டும் உதவும் பழைய வகை. தந்தைக்குச் செய்தியை அவனே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். தெரிவித்தான். கூரைக்கு நானும் என் சகோதரியும் கடனாகக் கொடுத்தோம். பெரியம்மா அதற்கும் வரவு எழுதிக்கொண்டார்கள்.

2025 டிசம்பரில் மீண்டும் சென்றேன். மிளகுப் பறிப்பு தொடங்கியிருந்தது. பையன் ஏணியில் நின்று பறித்துக்கொண்டிருந்தான். மற்ற ஆட்களுக்கு உரிய கூலியே அவனுக்கும். கையில் கொடுப்பதில்லை; நோட்டின் பின்பக்கத்தில் கழிக்கிறார்கள். மீதி 31,600 என்று இருந்தது. நவம்பரில் ஜடேஜா ராஜஸ்தான் அணிக்கு மாற்றப்பட்டுவிட்டதையும், அவருக்கு ஈடாக சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருவதையும் நான்தான் சொன்னேன். பெரியம்மா பாயில் மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தவர்கள் சற்று நேரம் பேசவில்லை.

"அந்தப் பவுண்டரியைத்தான் நான் பாக்கவே இல்லையே" என்றார்கள்.

ஏணியின் மேலிருந்து பையன், "நன்னி, ஜடேஜா இல்லாமல் அடுத்த வருஷம்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

"உச்சியில இன்னும் நாலு சரம் இருக்கு, பறி" என்றார்கள் பெரியம்மா.