‘தனிப் பயணம்’ என்னும் சொல்

பனிச்சிறுத்தையைக் காண ஜனவரியில் லடாக்கின் ரும்பக் செல்லவிருக்கும் மாட்டுங்கா, செம்பூர் நண்பர்கள் அதனைத் ‘தனிப் பயணம்’ என்கின்றனர். அச்சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. குளிர்காலத்தில் பாரல் காட்டாடுகளைத் தொடர்ந்து கீழிறங்கும் அவ்விலங்கு பாறையின் நிறத்திலேயே கரைந்துவிடும். தொலைநோக்கியில் அதைக் கண்டுபிடித்துக் காட்டுவது ஊராரின் கண்தான். பட்டிக்குள் புகுந்தால் ஒரே இரவில் பல ஆடுகளைக் கொல்லக்கூடியது அது. ஆயினும் அவர்கள் அதை வாழவிடுவதற்கு ஹோம்ஸ்டே வருவாயும் ஒரு காரணம். 2024இல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவின் 718 பனிச்சிறுத்தைகளுள் 477 லடாக்கில் உள்ளன. ஆகவே நகரத்து முகவரிடமே முழுத்தொகையையும் கொடுத்துவிடாமல், ரும்பக் வீடொன்றில் தங்குங்கள். படத்தின் கீழே லென்சின் பெயரைத் தவறாமல் எழுதுவோர், வழிகாட்டி இசைந்தால் அவர் பெயரையும் எழுதலாமே!